பூட்டிய வண்டியில் கரண்ட்டைக் குடிப்பது யார்? பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

திங்கட்கிழமை காலை. திருப்பூரில் ஒரு கட்டிங் யூனிட் வாசல். வெட்டிக் கட்டிய பண்டல்கள் சனிக்கிழமை இரவே குட்டியானையில் ஏறிவிட்டன. நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தையல் யூனிட்டில் டெய்லர்கள் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். டிக், டிக், டிக். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. செல்ஃப் எடுக்கவில்லை.

இந்த ஊரில் ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு திங்கட்கிழமை நடக்கிற காட்சிதான் இது. ஒரு டி-சர்ட்டின் துணி நிட்டிங்கில் தொடங்கி டையிங், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று இடம் மாறிக்கொண்டே போகும். பல நேரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு யூனிட். நடுவில் இணைப்பது சக்கரம் மட்டும்தான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பண்டல் வராத ஒரு மணி நேரம் சம்பளம் இல்லாத ஒரு மணி நேரம். ஆக, ஒரு வண்டியின் பேட்டரி இறங்கினால் இழப்பு அந்த வண்டிக்காரரோடு நிற்பதில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்பதும் ஊருக்கே தெரியும். பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்வார்கள். மதியம் பேட்டரி கடை. "மூணு வருசம் ஆச்சுங்களே, புதுசு போட்டுருங்க" என்பார் கடைக்காரர். சுமார் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். வண்டி ஜோராக எடுக்கும். சில மாதம் கழித்து இன்னொரு திங்கட்கிழமை, மறுபடியும் டிக், டிக்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். ஜிஎஸ்எம் கட்டரால் துணியை வட்டமாக வெட்டி, எடை போட்டுப் பார்க்காமல் ஒரு ரோலையும் ஏற்றுக்கொள்ளாத ஊர் இது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டம், அதன் எடை கிராமில், அதை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். சந்தேகம் வந்தால் வாயால் பேசுவதில்லை, தராசுதான் பேசும். அதே ஊரில் பேட்டரியை மட்டும் யாரும் அளப்பதில்லை, நேராக மாற்றிவிடுகிறோம்.

தூங்கும் வண்டிக்கும் பசிக்கும்

சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் இன்றைய வண்டி முழுதாக அணைவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு ரிசீவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது. மியூசிக் செட் தன் ஸ்டேஷன்களை நினைவில் வைத்திருக்கிறது. என்ஜினைக் கவனிக்கும் இசியு தன் கணக்குகளை மறக்காமல் இருக்கக் கொஞ்சம் கரண்ட் எடுக்கிறது. திருட்டு அலாரம் விழித்திருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து எடுக்கும் கரண்ட் நல்ல நிலையிலுள்ள பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அதிக வசதிகள் கொண்ட சில மாடல்களில் இது கொஞ்சம் கூடலாம்.

இதற்கு மேல், தேவையே இல்லாமல் ஏதோ ஒன்று தொடர்ந்து கரண்ட் எடுத்தால் அதைத்தான் 'பாரசைட்டிக் டிரெய்ன்' என்கிறார்கள். ஒட்டுண்ணி போல உட்கார்ந்து உறிஞ்சுவதால் அந்தப் பெயர். ஒர்க்‌ஷாப் பாஷையில் 'கரண்ட் லீக்'. ஆனால் லீக் என்ற சொல் கொஞ்சம் திசைதிருப்பும். எங்கோ ஒயர் உரிந்து கரண்ட் ஒழுகுகிறது என்று நினைக்க வைக்கும். பெரும்பாலும் அப்படி இல்லை. தூங்க வேண்டிய ஒரு கருவி தூங்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்ளோதான்.

இடையில் ஒரு பாவப்பட்ட சந்தேக நபரை விடுவித்துவிடலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, கண்ணாடியில் ஒட்டிய அந்த ஸ்டிக்கர்தான் பேட்டரியைத் தின்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபாஸ்டேக்குக்கும் வண்டி பேட்டரிக்கும் இணைப்பே கிடையாது. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது.

புது பேட்டரி எப்படி ஏமாற்றுகிறது

கணக்கு எளிது. ஒரு சிறிய பெட்ரோல் காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அதாவது முழு சார்ஜில் 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 35 மணி நேரம் தாங்கும். தூங்கும் வண்டி 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. தீபாவளிக்குப் பத்து நாள் பூட்டிப் போட்டாலும் போவது 7 சொச்சம். வந்து சாவி போட்டால் எடுத்துவிடும்.

இப்போது டிக்கி விளக்கு அணையவில்லை என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் பல்புதான். 12 வோல்ட்டில் அது எடுப்பது ஏறத்தாழ 0.4 ஆம்பியர். சனிக்கிழமை சம்பளம் கொடுத்துவிட்டு இரவு 9 மணிக்கு நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை 7 மணிக்கு எடுக்கிறீர்கள். 34 மணி நேரம். போனது 13.6 ஆம்பியர்-மணி.

புது பேட்டரியாக இருந்தால் மிச்சம் 21 இருக்கும், செல்ஃப் எடுத்துவிடும். பழசாகி, மொத்தமே 20 தாங்கும் நிலைக்கு வந்த பேட்டரியாக இருந்தால் மிச்சம் ஆறு சொச்சம், டிக், டிக்தான். அதே பல்பு, அதே 34 மணி நேரம். பேட்டரியை மாற்றியதும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றுவதன் ரகசியம் இதுதான். கோளாறு அப்படியே இருக்கிறது, புது பேட்டரிக்கு அதைத் தாங்கும் வயது இருக்கிறது.

ஆனால் அந்த வயதும் சீக்கிரம் கரையும். கார்களில் வரும் லெட்-ஆசிட் பேட்டரி, சில விநாடிகள் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே திரும்ப சார்ஜ் ஏற்றிக்கொள்ள வடிவமைக்கப்பட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி ஆழமாக இறங்கி ஏற அது பழகியதல்ல. பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்படும். திரும்ப சார்ஜ் போட்டாலும் அவை முழுதாகக் கரையாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பேட்டரியின் கொள்ளளவில் ஒரு துண்டு நிரந்தரமாகப் போகிறது. வாரன்ட்டி கேட்டுப் போனால், 'டிஸ்சார்ஜ் ஆன பேட்டரி' என்று சார்ஜ் போட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். தயாரிப்புக் குறைக்குத்தான் வாரன்ட்டி. டிக்கி பல்புக்கு இல்லை.

முதலில் யார் மீது சந்தேகம்?

பேட்டரி இறங்கினால் உடனே ஒட்டுண்ணியைத் தேடக்கூடாது. பேட்டரியே செத்திருக்கலாம். ஆல்டர்னேட்டர், அதாவது பல மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்று சொல்வது, சரியாக சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். இன்னொன்று திருப்பூருக்கு ரொம்பப் பொருந்தும்: வண்டி சார்ஜ் ஏறும் அளவுக்கு ஓடுவதே இல்லை. பிரிண்டிங் யூனிட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர், அங்கே அரை மணி நேரம், திரும்ப ரெண்டு கிலோமீட்டர். ஏசி, செட், செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடிக்கொண்டே நாளுக்குப் பதினைந்து முறை செல்ஃப் அடித்தால், வரவைவிடச் செலவு கூடிவிடும். இதில் வண்டியின் குற்றம் எதுவும் இல்லை.

இவற்றைப் பிரித்துப் பார்க்க மீட்டர்கூட வேண்டாத ஒரு சோதனை உண்டு. பேட்டரியை முழுதாக சார்ஜ் போடுங்கள். இரவு 10-ம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, தொடாமல் ஒதுக்கி வையுங்கள். வழக்கமாகப் படுத்துவிடும் அதே கால அளவு, ஒரு இரவோ ஞாயிற்றுக்கிழமை முழுவதுமோ, அப்படியே விடுங்கள். திரும்ப மாட்டிச் சாவி போடும்போது சுத்தமாக எடுத்தால் பேட்டரி தேவலை, வண்டிதான் உறிஞ்சுகிறது. கழற்றி வைத்தும் எடுக்கவில்லை என்றால் பேட்டரிதான் போய்விட்டது. சில கார்களில் மியூசிக் செட் கோடு கேட்கும், கடிகாரம் அழியும், ஜன்னலின் ஆட்டோ வசதியைத் திரும்பப் பழக்க வேண்டும். கோடு கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்டர் இருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் 12.6 வோல்ட் அல்லது மேலே காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கும் கீழே என்றால் ஏறத்தாழ காலி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று பொருள். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்குவதால் இந்த எண் கொஞ்சம் அலையும், பயப்பட வேண்டாம். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியை லோடு டெஸ்ட் செய்ய வேண்டும். பல பேட்டரி கடைகளில் அதை வாங்காமலேயே செய்து தருவார்கள்.

அதுபோலவே, பழைய காலத்து ஒரு பழக்கத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'ஆஃப் ஆகலைன்னா டைனமோ நல்லாயிருக்கு' என்று சொல்லும் சோதனை. அம்பாசடர் தாங்கியது. இசியு வைத்த வண்டியில் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் திடீரென எகிறிப் பல ஆயிரம் ரூபாய் எலக்ட்ரானிக்ஸைக் காவு வாங்கிவிடும்.

மீட்டரை நடுவில் உட்கார வைப்பது

இனிதான் உண்மையான வேலை. தேவை சில நூறு ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்பேனர், எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பொறுமை.

திருப்பூரில் உடனே நினைவுக்கு வருவது மில் எலக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டர். ஒயரைச் சுற்றிக் கவ்வினால் ஆம்பியர் காட்டும் கருவி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெஷின்களுக்குப் பயன்படும் சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி கரண்ட்டை மட்டுமே அளப்பவை. பேட்டரியில் வருவது டிசி. கவ்விப் பார்த்தால் சைபர் காட்டும். 'லீக்கே இல்லைங்க' என்று தீர்ப்பு வந்துவிடும். டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் தனி ரகம், விலையும் கூட. அதிலும் பத்து மில்லி ஆம்பியர் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது கையில் இருந்தால் டெர்மினலைக் கழற்றவே வேண்டாம்.

இல்லையென்றால் மல்டிமீட்டரைக் கரண்ட் போகும் பாதையின் நடுவில் வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் மீட்டர் வைப்பது போல. முதலில் வண்டியைத் தயார் செய்யுங்கள். வேண்டிய கதவுக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கதவு திறந்திருக்க வேண்டுமென்றால், கதவின் பூட்டை ஸ்குரூடிரைவரால் தள்ளி, மூடியது போல வண்டியை நம்ப வையுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவி பாக்கெட்டில் இருந்தால் வண்டி தூங்காமல் அதைத் தேடிக்கொண்டே இருக்கலாம். பலர் தோற்பது இங்கேதான்: சட்டைப் பையில் சாவியோடு நின்றபடி அளப்பது.

மீட்டரில் கறுப்பு ஒயர் 'காம்' துளையில். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றுங்கள். மில்லி ஆம்பியர் துளையில் வைத்துத் தொடங்கினால் அந்த ஃப்யூஸ் போய்விடும். மலிவு விலை மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பாதுகாப்பு ஃப்யூஸே இருக்காது. மீட்டரின் முகத்திலேயே அப்படி எழுதியிருக்கும். அதனால் மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவி போடுவதோ செல்ஃப் அடிப்பதோ கூடவே கூடாது. செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கும் மேலே. சரியாக இணைத்தோமா என்று 'சும்மா ஒரு தடவை' சாவி போட்டுப் பார்த்து மீட்டரைக் கருக்கியவர்கள் நிறைய.

மைனஸ் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள், ஆனால் எடுத்துவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழிலும், மறுமுனையைக் கழற்றப் போகும் கிளாம்ப்பிலும் முதலை கிளிப்பால் இறுக்குங்கள். பிறகு கிளாம்ப்பை மெதுவாகத் தூக்குங்கள். இப்போது வண்டிக்குப் போகும் கரண்ட் மொத்தமும் மீட்டர் வழியாகப் போகும். நடுவில் ஒரு நொடிகூட அறுந்திருக்காது. இது ஏன் முக்கியம் என்றால், கரண்ட் ஒருமுறை அறுந்து திரும்பினால் எல்லா கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொள்ளும். எப்போதாவது வரும் கோளாறாக இருந்தால் அந்த விழிப்பிலேயே அது தானாகச் சரியாகிவிடவும் கூடும். அப்புறம் தேடினால் கிடைக்காது.

முதலில் மீட்டர் பெரிய எண் காட்டும். சில ஆம்பியர்கூட. அதைப் பார்த்து 'ஐயோ, மூணு ஆம்பியர் லீக்!' என்று கத்த வேண்டியதில்லை. வண்டி இன்னும் தூங்கவில்லை. கார் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' முறை இன்று கிட்டத்தட்ட எல்லா காரிலும் உண்டு. எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அதற்குச் சில கார்களில் பத்து நிமிடம், சிலவற்றில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள். 2.8, 1.1, 0.3 என்று படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். 0.03 என்று நின்றால் 30 மில்லி ஆம்பியர், வண்டி சுத்தம். 0.43 என்று நின்றால் உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள்.

பிடுங்காமல் பிடிப்பது

வழக்கமான முறை, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில் திருடன். பழைய வண்டிகளுக்கு இது போதும். புது வண்டியில், பிடுங்கிய ஃப்யூஸைத் திரும்பச் சொருகினால் அந்தப் பாதையிலிருக்கும் கருவி விழித்துக்கொண்டு, எண் மேலே ஏறி, மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முப்பது ஃப்யூஸுக்கு இப்படிச் செய்தால் பொழுது விடிந்துவிடும்.

அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. இது தெரிந்த எலக்ட்ரீஷியனைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையோடு பேசலாம். ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மல்டிமீட்டரை மில்லி வோல்ட் அளவுக்கு மாற்றி, இரு முனைகளையும் அந்தப் புள்ளிகளில் தொடுங்கள். ஃப்யூஸும் ஒரு மெல்லிய கம்பிதான். அதற்கும் துளி எதிர்ப்பு உண்டு. 10 ஆம்பியர் மினி ஃப்யூஸுக்கு ஏறத்தாழ 7, 8 மில்லி ஓம். அதன் வழியே 0.4 ஆம்பியர் போனால் சுமார் 3 மில்லி வோல்ட் காட்டும். கரண்ட்டே போகாவிட்டால் சைபர். எதையும் பிடுங்காமல், யாரையும் எழுப்பாமல், டேஷ்போர்டுக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் இருக்கும் எல்லா ஃப்யூஸையும் சில நிமிடங்களில் தொட்டுப் பார்த்துவிடலாம். இதற்கு மைனஸ் டெர்மினலைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. வண்டி தூங்கியிருந்தால் போதும்.

ஃப்யூஸ் பிடிபட்டதும், அது எதற்கெல்லாம் போகிறது என்று பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ பார்க்க வேண்டும். ஒரே ஃப்யூஸில் உள் விளக்கும் செட்டும் டிக்கியும் சேர்ந்திருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஆள் சிக்கிவிடும்.

பெரும்பாலும் சிக்குவது யார்?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளில் அதிகம் மாட்டுவது கதவு சுவிட்ச், டிக்கி விளக்கு, குளோவ் பாக்ஸ் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே. டிக்கி விளக்கு அணைகிறதா என்று பார்க்க உள்ளே ஏறிப் படுக்க வேண்டாம். செல்போனில் வீடியோ போட்டு உள்ளே வைத்து மூடி, திறந்து பாருங்கள். ஒட்டிக்கொண்ட ரிலேயைத் தொட்டால் சூடு தெரியும். பக்கத்திலிருக்கும் அதே ரக ரிலேயை மாற்றிச் சொருகினால் உறுதியாகிவிடும்.

ஆனால் இங்கே முதல் சந்தேகம் விழ வேண்டியது வெளியே மாட்டியவற்றின் மீது. செட், கேமரா, எல்இடி, கூடுதல் ஹாரன், ஜிபிஎஸ், டேஷ்கேம். மியூசிக் செட்டில் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு ஒயர்கள் வரும். மஞ்சள் நினைவுக்கு, எப்போதும் கரண்ட் இருக்கும், எடுப்பது சொற்பம். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டியது; செட் விழிப்பதும் தூங்குவதும் அதை வைத்துத்தான். சாவி இல்லாமலும் பாட்டு கேட்க வேண்டும் என்று யாரோ கேட்டிருப்பார்கள், அல்லது மாட்டியவருக்கு அவசரம். இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி நேராக பேட்டரியில் கொடுத்துவிடுவார். அதன் பிறகு செட்டுக்கு இரவே கிடையாது. திரை இருட்டாக இருந்தாலும் உள்ளே ஆம்ப்ளிஃபையர் காத்திருக்கும்.

ஜிபிஎஸ் டிராக்கர் கொஞ்சம் நுட்பமான விஷயம். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் டிராக்கர் கட்டாயமானது. சரக்கு வண்டிகளிலோ முதலாளிகளே விரும்பி மாட்டுகிறார்கள். துணி எங்கே போகிறது என்று செல்போனில் பார்க்கலாம் அல்லவா? நல்ல டிராக்கர் வண்டி நின்றதும் தானும் தூங்கி, சில மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். தூங்காத ரகமாக இருந்தால், அல்லது 'சாவி ஆன்' ஒயர் சரியாக இணைக்கப்படாமல் இருந்தால், இரவு முழுதும் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் கிடைக்காத குடோனில் நிறுத்தினால் நெட்வொர்க்கைத் தேடித் தேடி இன்னும் கூடுதலாக எடுக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் சொருகிய புளூடூத் கருவியும் இப்படித்தான். அது வண்டியின் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து விழிக்க வைக்கக்கூடும். காரை ஆபீஸ் பார்க்கிங்கில் விட்டுப் போகும் இளைஞர்கள் 'பார்க்கிங் மோடு' போட்ட டேஷ்கேமையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

லாரி, பஸ்களில் வேறொரு வழக்கம். அங்கே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக நின்று 24 வோல்ட் தரும். 12 வோல்ட் செட் வேண்டும் என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் இறங்கும், மற்றது சார்ஜ் மிகுந்து கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வைத்தால் தீர்ந்தது.

எந்த ஃப்யூஸிலும் ஒன்றும் தெரியாமல், மீட்டரில் மட்டும் கரண்ட் தெரிந்தால்? ஃப்யூஸ் பெட்டியைத் தாண்டி நேராக பேட்டரியில் தொட்டிருக்கும் ஒயர்களைப் பாருங்கள். அடுத்து ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டயோடுகள் கரண்ட்டை ஒரே திசையில் விடும் கதவுகள். ஒன்று பழுதானால், நின்ற வண்டியில் பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி ஒழுகும். பல மணி நேரம் நின்ற பிறகு காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் ஏறத்தாழ உறுதி. சோதிக்க, மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைப் பிரித்து, எதிலும் படாமல் சுற்றி வைத்து, மறுபடி அளக்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

கடைசியாக, பேட்டரியின் தலை. தூசியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து படிந்தால் அந்த அழுக்கே ஒரு மெல்லிய கரண்ட் பாதை. பஞ்சுத் தூசி பறக்கும் யூனிட் வாசலில் நிற்கும் வண்டிக்கு இது தேவையான கவனம். மீட்டரின் ஒரு முனையை மைனஸில் வைத்து, மறுமுனையைப் பிளாஸ்டிக் மேல்பரப்பில் நகர்த்துங்கள். வோல்ட் காட்டினால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, மூடித் துளைகளுக்குள் போகாமல் துடைத்தால் போதும்.

நீண்ட நாள் நின்றால்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது நாடு முழுவதும் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. எந்தக் கோளாறும் இல்லாத வண்டிகள்கூடத் திரும்ப எடுக்கவில்லை. காரணம் அதே கணக்கு: நாளுக்கு 0.72 என்றால் நாற்பது நாளில் ஏறத்தாழ 29 ஆம்பியர்-மணி. தவிர, பேட்டரி தானாகவும் மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும். வெயில் ஏற ஏற இது வேகமாகும். ஏப்ரல், மே மாதக் கொங்கு வெயிலில் சொல்லவே வேண்டாம்.

எனவே இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் மைனஸைக் கழற்றி வைப்பதுதான் எளிய வழி. தினமும் ரெண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது.  மின்சார கார் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால், அடியில் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் அதை இணைக்கும் சுவிட்ச் வேலை செய்யாது, வண்டி கிளம்பாது.

திங்கட்கிழமை வண்டியிடம் திரும்புவோம். மீட்டர் 0.43-ல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டின் ஃப்யூஸில் 3 மில்லி வோல்ட். செட்டைப் பிரித்தால் மஞ்சளும் சிவப்பும் டேப் சுற்றி ஒன்றாகக் கிடக்கின்றன. சிவப்பைச் சாவிக்கு மாற்றி, அரை மணி நேரம் காத்திருந்தால் 0.03. செலவு எலக்ட்ரீஷியன் கூலி மட்டும். எங்கே கொடுத்துப் பார்த்தாலும் வேலை முடிந்ததும் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணா, முன்னாடி எத்தனை காட்டுச்சு, இப்ப எத்தனை காட்டுது?" இரண்டு எண்ணையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எண் சொல்லாமல் "பேட்டரி மாத்திப் பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னால், மீட்டர் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடலாம்.